அண்டா போகாத தெரு

எங்கள் பள்ளியில் மத நல்லிணக்கம் என்று எதையாவது கொண்டாட வேண்டி வந்தால் தலைமையாசிரியர் என்னைத்தான் மேடையேற்றுவார். அதற்குக் காரணம் ஒரு புகைப்படம். வெள்ளத்தின்போது பேப்பரில் வந்தது. தொப்பி போட்ட ஒரு பாய், கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக ஒரு மண்டிக்காரர், வெள்ளை அங்கியில் ஒரு ஃபாதர், நடுவில் கையில் கரண்டியோடு நான். நாலு பேரும் ஒரு அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டு பல் தெரியச் சிரிக்கிறோம். கீழே மதங்களைக் கடந்த மனிதநேயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மதங்களைக் கடந்தது உண்மைதான், அதில் பொய்யில்லை. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் முன்னால் நின்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கி விடுவேன். மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வீடும் வேலையும் திண்டிவனத்தில். பிறந்தது விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம், காணையைத் தாண்டிப் போனால் ஆற்றை ஒட்டி வரும் ஒரு ஊரில். ஊர் என்று சொல்வது வாய்ப்பழக்கம். நான் பிறந்தது காலனியில். ஊர் மேட்டில் இருக்கிறது, மாரியம்மன் கோயில், மாடி வீடுகள், பால் சொசைட்டி எல்லாவற்றோடும். நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தண்டை பள்ளத்தில் காலனி. ஆறு பெருகினால் முதலில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று கேட்கவே வேண்டாம், ஊரை அமைத்தவர்கள் அதையெல்லாம் யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள். என் அக்கா அந்தக் காலனியிலேயே வாழ்க்கைப்பட்டு, ஊர்க்காரர் நிலங்களில் களை எடுத்து, கரும்பு வெட்டியே காலத்தைக் கழித்தவள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மருமகளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் அக்காவோடு இருந்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் மழை நிற்காமல் கொட்டி ஆறு கரையை உடைத்துக்கொண்டது. விழுப்புரம் டவுனிலேயே பஸ் ஸ்டாண்டு குளமாகிக் கிடந்தது. அக்காவிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டதென்றும், காலனியில் எல்லாரும் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் ஏறிவிட்டார்கள் என்றும், கையில் எடுத்துக்கொண்டு ஏறிய கேப்பை மாவைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அதுவும் தீரப் போகிறது என்றும் சொன்னாள். அப்புறம் போனில் சார்ஜ் போய்விட்டது. போகலாம் என்றால் ரோடு இல்லை. போய்த்தான் வெறுங்கையோடு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரணத்துக்குச் சமைக்கிறார்கள் என்று எங்கள் பங்கு ஃபாதர் சொன்னார். ஆள் வேண்டும், வாருங்கள் என்றார். மனிதநேயம் பொங்கி நான் ஓடவில்லை. என் அக்காவுக்குச் சோறு போக வேண்டும், அதற்கு ஒரு வண்டி வேண்டும், அங்கே வண்டி இருந்தது. அதனால் ஓடினேன்.

மண்டபத்தில் அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோட்டகுப்பத்து பாய். குவைத்தில் பெரிய கேட்டரிங் கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்து கடை வைத்திருப்பவர். தங்கள் பள்ளிவாசலிலிருந்து பிரியாணி ஆக்கும் தேக்சாக்களையும் ஒரு பிரியாணி மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அவர் எங்கள் ஊர்க்காரர். ஊர் என்றால் மேட்டு ஊர். கரும்பு, நெல், டிராக்டர் எல்லாம் அங்கே உண்டு. நான் யார் வீட்டுப் பெண் என்று அவருக்கும் நன்றாகத் தெரியும். இத்தனை வருஷத்தில் அதை அவர் வாயால் சொன்னதில்லை. மண்டிக்கு அரிசி வாங்கப் போனால் வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர் என்று நாற்காலி எடுத்துப் போடுகிறவர்.

அக்கா விஷயத்தைச் சொன்னேன். ரோடு விட்ட உடனே முதல் லோடு நம்ம ஊருக்குத்தான் என்றார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. படித்தவள், வாத்தியார் வேறு, அந்த ஒரு வார்த்தையில் மயங்கிப் போனேன்.

அந்த மண்டபத்தில் நடந்த கூத்தை நான் குறைத்துச் சொன்னால் பாவம் வந்து சேரும். மண்டிக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பிரியாணி வெந்த தேக்சாவில் ஆக்கிய சோற்றை மாலை போட்டவர்கள் எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு பேச்சு எழுந்தது. பாய் அதற்கு முகம் சுளிக்கவில்லை. மாஸ்டரையும் கூட வந்தவர்களையும் உட்காரவைத்து, புளியும் சாம்பலும் போட்டு, தேக்சாவில் முகம் தெரிகிற மாதிரி தேய்க்க வைத்தார். மண்டிக்காரர் குனிந்து மோந்து பார்த்தார். எல்லாக் கறியும் பூடுச்சு சாமி, இனிமே இது சைவம் என்றார் பாய். மண்டபமே சிரித்தது. அன்றைக்கு முதல் ஆளாக அந்தத் தேக்சாச் சோற்றை வாங்கி மண்டிக்காரர்தான் சாப்பிட்டார். மாலை போட்டவர்கள் எல்லாரையும் சாமி என்று கூப்பிடுவது வழக்கம் அல்லவா, அவர் பாயை பாய் சாமி என்பார், என்னை டீச்சர் சாமி என்பார். பிரியாணி மாஸ்டருக்கு சாம்பார் சாதம் கைக்குப் பிடிபடவே இல்லை. பட்டை லவங்கத்தை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துப் போட்டுவிடுவார், அது குஸ்காவுக்குத் தங்கச்சி மாதிரி மணக்கும். பாயும் ஆட்களும் தொழுகைக்குப் போனால் மண்டிக்காரர் நின்று கிண்டுவார். இவர் பூஜைக்குப் போனால் பாய் கிண்டுவார். நாங்கள் செபம் சொல்லப் போனால் இருவரும் சேர்ந்து கிண்டுவார்கள். நான் காய் நறுக்கினேன், கரண்டி பிடித்தேன், ஒரே தட்டு வடையை எல்லாரும் பிய்த்துத் தின்றோம். எனக்கு நிஜமாகவே மனசு நிறைந்திருந்தது. பேப்பர்காரர் வந்து படம் எடுத்தது அந்தச் சந்தோஷத்தில்தான்.

விழுப்புரம் டவுனிலிருந்து சோறு கேட்டு ஆள் மேல் ஆள் வந்ததில் தேக்சாக்கள் போதவில்லை. மண்டபத்துப் பாத்திரங்களை ஏற்கெனவே வேறு முகாமுக்குக் கொடுத்திருந்தார்கள். அப்போது மண்டிக்காரர்தான் யோசனை சொன்னார். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஊர்ப் பொது அண்டாக்கள் இருக்கின்றன, தருவித்துவிடலாம் என்றார். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் அவர் டிராக்டரே அவற்றை ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை வந்தது, அங்கிருந்து குட்டியானை வண்டியில் மண்டபத்துக்கு வந்தன. பித்தளை அண்டாக்கள், கழுத்தில் புள்ளி புள்ளியாக ஊர்ப் பெயரும் உபயம் செய்தவர் பெயரும் வெட்டியிருந்தது. ஊரில் கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, அந்த அண்டாக்கள்தான் வீட்டுக்கு வீடு போகும். சின்ன வயசில் நான் அவற்றைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் கல்யாணங்களுக்கு விழுப்புரத்தில் வாடகைக்கு எடுப்போம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கும்படியான விஷயமாக அது யாருக்கும் தோன்றியதில்லை. மண்டபத்தில் அந்த அண்டாவைக் கழுவி அடுப்பில் ஏற்றியபோது நான் அதைத் தொட்டுத் தேய்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திண்டிவனத்தில் தொடலாம் போலிருக்கிறது.

டிராக்டர் வந்து போகிற அளவுக்கு ரோடு விட்டுவிட்டது என்றதும் நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஊர் அண்டாக்களுக்கு மூடியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வசதி உண்டு என்பதால் அவற்றிலேயே சாம்பார் சாதத்தை நிரப்பினார்கள். தேக்சாக்கள் விழுப்புரம் டவுனுக்குப் போய்விட்டன. நாங்கள் நால்வரும் குட்டியானையில் போய், மெயின் ரோட்டில் காத்திருந்த டிராக்டருக்கு அண்டாக்களை மாற்றி, டிரெய்லரில் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் கரும்பு படுத்துக் கிடந்தது, நெல் சேற்றில் புதைந்து நாறியது. மண்டிக்காரர் தன் நிலம் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டிராக்டர் மேட்டேறி மாரியம்மன் கோயில் முன்னால் நின்றது. ஊர்த் தெருவில் சேறு இருந்ததே தவிர தண்ணீர் இல்லை. வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஒரு வீட்டில் மல்லாட்டைக் கடலை வறுக்கும் வாசனைகூட வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ஒரே தண்ணீர்க் காடு. நடுவில் பள்ளிக்கூடத்து மொட்டை மாடி, அதில் எறும்பு மொய்த்தாற்போல ஜனங்கள். அவர்கள் டிராக்டரைப் பார்த்துவிட்டார்கள். துண்டை ஆட்டினார்கள்.

ஊர் ஆட்கள் வந்து அண்டாக்களை இறக்க ஆரம்பித்தார்கள். நான் தடுத்து, முதலில் காலனிக்குப் போகலாம், இங்கே அடுப்பு எரிகிறது, அங்கேதான் பசி என்றேன். தண்ணீர் டிராக்டர் சக்கரத்துக்குப் பாதிதான் இருக்கும், தாராளமாகப் போகலாமே என்றும் சொன்னேன். மண்டிக்காரர் என்னைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"டிராக்டர் போவும் டீச்சர். அண்டாதான் போவாது."

டீச்சருக்குப் பின்னால் இருந்த சாமி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. கனமாக இருக்கிறது, தண்ணீரில் சாய்ந்துவிடும் என்கிறாரோ என்று நினைத்தேன். அவரே மெதுவாக விளக்கினார். கோயில் பாத்திரம், ஊர்ப் பொதுச் சொத்து. வாய்க்காலைத் தாண்டிப் போன பாத்திரம் திரும்பக் கோயிலுக்குள் வர முடியாது. தனக்கு ஒன்றுமில்லையாம், அதெல்லாம் பார்க்கிற ஆள் தான் இல்லையாம். ஆனால் நாளைக்கு ஒரு கல்யாணம் என்றால் ஊர் கேட்கும், கொடுத்தது நீதானே என்று தன் சட்டையைப் பிடிக்கும்.

"புளி போட்டுத் தேச்சா போவாதா?" என்று கேட்டேன்.

பாய் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். மண்டிக்காரர் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார். பிரியாணியைப் புளி கழுவிவிடும். நாங்கள் தொட்டதை எந்தப் புளியும் கழுவாது. இதை அவர் வாயால் சொல்லியிருந்தால்கூட நான் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் என்னவோ தனக்கும் வருத்தம்தான் என்கிற முகத்தோடு நின்றார்.

நான் பாயைப் பார்த்தேன். அவர்தான் இத்தனை நாள் எல்லாருக்கும் மூத்தவர் மாதிரி இருந்தவர், அவர் சொன்னால் மண்டிக்காரர் தட்ட மாட்டார். பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அது அவங்க ஊரு வழக்கம்மா. நாம வந்தது சோறு போட. இதுல பூந்து பேசினா இவ்ளோ நாள் இருந்த ஒத்துமை கெட்டுடும்" என்றார். ஃபாதரைப் பார்த்தேன். அவர் பொறுமையாயிருங்கள் டீச்சர், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். இவர் சொல்லாமல் இருப்பாரா, எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே நடுவில் ஒரு சுவர் நிற்கிறது, அதையும் ரொம்ப வருஷமாகப் பேசித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்றைக்கு மூன்று சாமியின் ஆட்களும் ஒரே டிராக்டர் அருகில் நின்று ஒரே பேச்சைப் பேசினார்கள். ஒற்றுமை என்றால் அதுதான் ஒற்றுமை.

கடைசியில் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். காலனிக்காரர்கள் பாத்திரம் எடுத்துக்கொண்டு வாய்க்கால் வரை வரட்டும், இங்கிருந்து ஊற்றிவிடலாம். ஒருவர் கரையில் நின்று கையை வாயில் குவித்துக் கத்தினார். அங்கிருந்து பதில் கத்தல் வந்தது. பாத்திரமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது என்றார்கள். வீட்டுச் சுவரே போய்விட்டவனிடம் சட்டியைக் கொண்டு வா என்று கேட்ட கொடுமையை என்னவென்று சொல்வது? அப்படியும் நாலைந்து ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில் பெயின்ட் வாளி, ஒருவர் கையில் நெளிந்த குடம், ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பிளாஸ்டிக் தொட்டி. இந்தக் கரையிலிருந்து அண்டாவைச் சாய்த்து, கரண்டி படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார்கள். பாதி வாய்க்காலில் போயிற்று. தண்ணீரில் மிதந்துபோன அந்தச் சோற்றுப் பருக்கைகளைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். பெயின்ட் வாளியோடு வந்தவர் எனக்கு ஒரு வகையில் அண்ணன் முறை, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மொட்டை மாடிக்குப் போனபோது அக்கா என் தலையைத் தடவி, ஏண்டி இப்படி நனைஞ்சுக்கினு வந்த என்றுதான் முதலில் கேட்டாள். அவள் உதடெல்லாம் வெடித்திருந்தது. வாளியில் வந்ததில் அங்கிருந்த பிள்ளைகளுக்கே ஆளுக்கு ஒரு பிடிச் சோறுதான் தேறியது. அக்கா தன் பங்குக்கு வாளியை வழித்து விரலை நக்கினாள். அங்கிருந்து பார்த்தால் கோயில் வாசலில் அண்டாக்கள் தெரிந்தன. ஊர்க்காரர்களுக்குப் பசி இல்லை, மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டார்கள். மீந்ததைச் சாயங்காலம் மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். மாட்டைச் சொல்லிக் குற்றமில்லை, அது யார் பாத்திரம் என்று கேட்டதில்லை.

அன்றைக்கே அவர்களோடு திரும்பினேன். மண்டபத்தில் வந்து இறங்கியதும் எனக்கு வந்த வார்த்தைகள் வாத்தியார் வாயில் வரக் கூடியவை அல்ல. எல்லாவற்றையும் பாய்தான் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் நான் போவதற்குள் ஒரு தேக்சாவில் லெமன் சாதம் தயாராக இருந்தது. நம்ம தேக்சா எங்க வேணும்னாலும் போவும் டீச்சரம்மா, இது முழுசும் காலனிக்குத்தான் என்றார் பாய். மனிதர் விடிவதற்கு முன்னமே எழுந்து தானே நின்று ஆக்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்டிக்காரரும் மறுப்பேதும் சொல்லவில்லை, சொல்லப்போனால் பெரிய பாரம் இறங்கினவர் போல இருந்தார். டிராக்டர் வாய்க்காலில் இறங்கி, பள்ளிக்கூடத்துப் படி வரைக்கும் போய் நின்றது. அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டாள். எல்லாரும் மனுஷர்கள்தான், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள் என்று நான் அன்றைக்கு முழுக்க உளறிக்கொண்டிருந்தேன். என்னைப்போல ஒரு பைத்தியக்காரியைப் பார்க்க முடியாது.

அடுத்த நாள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அந்தத் தேக்சாவைப் பார்த்தேன். மற்ற தேக்சாக்களிலிருந்தும் திரும்பி வந்திருந்த ஊர் அண்டாக்களிலிருந்தும் தள்ளி, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் தனி அடுப்பில் வைத்திருந்தார்கள். அதன் ஒரு காதில் சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது. கரண்டியின் காம்பிலும் அதே துணி. சிரிப்பு, சாமி சாமி என்ற கூப்பாடு, பட்டை லவங்கச் சண்டை, எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது.

மாஸ்டரைக் கேட்டேன். மண்டிக்காரர் ஆட்கள் கட்டினார்கள் என்றார். மண்டிக்காரரைக் கேட்டேன். குழப்பம் வந்துடக் கூடாது பாருங்க டீச்சர், ஊர் அண்டாவோட மாறிப் போச்சுன்னா அப்புறம் பேஜாராப் பூடும் என்றார், கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நிதானத்தில். பாயைக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். தங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் பலபேர் கல்யாணத்துக்குப் பள்ளிவாசல் தேக்சாக்களைத்தான் வாங்கிப் போகிறார்களாம். எது காலனிக்குப் போனது, எது போகவில்லை என்று நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று ஜமாஅத்தில் ஒருவர் கேட்டாராம். "சோறு போவுதுல்ல டீச்சரம்மா. துணிதானே. அது கட்டியிருந்தா இன்னா, கட்டாட்டி இன்னா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. குறை சொல்கிறேன். அவர் நல்லவர் என்பதால் இன்னும் அதிகமாகச் சொல்கிறேன்.

போய் அந்த முடிச்சில் கை வைத்தேன். நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார்கள், நகத்தால் நெம்பினேன். மண்டிக்காரர் ஓடியெல்லாம் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"அவுக்கணும்னா அவுத்துக்குங்க டீச்சர். அவுத்துட்டா இன்னிக்கு அந்தச் சட்டி டிராக்டர்ல ஏறாது. ஓட்டுறவன் ஊர்க்காரன், நான் சொன்னாலும் கேக்க மாட்டான்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பள்ளிக்கூடத்து மாடியில் அக்காவும் பிள்ளைகளும் வேறு எந்தப் பாத்திரத்தையும் எதிர்பார்க்க முடியாது. வேறு டிராக்டர் இல்லை, இருந்தாலும் அதற்கும் ஊர்க்காரன்தான் டிரைவர். நான் கூச்சல் போட்டுவிட்டு வெளியே போனால் எனக்குத் தன்மானம் மிஞ்சும், அக்காவுக்குப் பட்டினி மிஞ்சும். முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். மாஸ்டர் அரிசியைக் கொட்டினார். சிவப்புத் துணி கட்டிய கரண்டியை எடுத்து நானே கிண்டினேன். அந்தக் கரண்டியை மற்றவர்கள் தொடவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

தண்ணீர் வடிகிற வரைக்கும் அந்தத் தேக்சா தினமும் போயிற்று. சோறு குறைவில்லாமல் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும், ருசியாகவும் இருந்தது. துணி கட்டிய முதல் நாள் டிராக்டர் பள்ளிக்கூடத்துப் படியில் நின்றபோது, ஜனங்கள் வரிசையில் வந்தார்கள். அக்கா இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் தட்டுமாக வந்து தேக்சா முன்னால் நின்றாள். நான் கரண்டியைச் சோற்றில் விட்டேன். அவள் தட்டை நீட்டவில்லை. தேக்சாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கரண்டிக் காம்பைப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு, அடையாளத்துக்குக் கட்டியிருக்கு, நம்ம சோறு மாறிப் போயிடக் கூடாதுன்னு என்றேன். மண்டிக்காரர் எனக்குச் சொன்னதையே சொன்னேன், அதே நிதானத்தோடு.

அக்கா பள்ளிக்கூடம் போகாதவள். கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோபப்படுவாள் என்று பார்த்தேன். தட்டை விசிறி அடித்துவிட்டுப் போனால்கூட நன்றாயிருக்கும் என்று இருந்தது எனக்கு. அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"ஊரு டீக்கடையில தனி கிளாஸ் வெச்சான்னு சண்ட போட்டுக்கினுதான் அப்பா உன்ன டவுனுக்குப் படிக்க அனுப்பிச்சாரு. நீ படிச்சு டீச்சராயி, நமக்குத் தனி சட்டியத் தூக்கிக்கினு வந்து நிக்கிற" என்றாள். குரலில் குத்தல்கூட இல்லை. பிறகு தட்டை நீட்டினாள். "சரி போடு. புள்ளைங்க பசியா கீதுங்க."

போட்டேன்.